1,400 அடி போர்வெல்லுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் பெங்களூரு அல்சூரில் பதினோரு வருடமாகச் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். கணவரின் சொந்த ஊர் பங்காருப்பேட்டை பக்கம். அங்கே இருக்கும் நாலு ஏக்கரைக் கொழுந்தன் பார்த்துக்கொள்கிறார். 450 அடியில் ஒன்று, 780 அடியில் ஒன்று என்று இரண்டு போர் போட்டு இரண்டும் வற்றிவிட்டன. போன மாதம் மாரிக்குப்பம் ரயிலில் வந்த கொழுந்தன், 1,400 அடிக்குப் போட்டால் தண்ணீர் நிச்சயம், பக்கத்து நிலத்துக்காரருக்கு அந்த ஆழத்தில்தான் வந்தது என்கிறார். கேசிங், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் ஆகுமாம். என் நகையை அடகு வைக்கச் சொல்கிறார். மெஸ்ஸுக்குத் தினமும் 12 கிலோ தக்காளி வேண்டும். ஒரு மாதம் 15 ரூபாய், ஒரு மாதம் 80 ரூபாய் என்று கலாசிப்பாளையத்தில் வாங்கி மாளவில்லை. நாமே விளைவித்தால் அந்தக் கவலையும் தீரும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் நிலத்தடி நீர் பார்ப்பவர். சொல்லுங்கள், போடலாமா?

- அல்சூர் வாசகி

பதில்:

சகோதரி, போட வேண்டாம். நகை உங்களிடமே இருக்கட்டும். உங்கள் மனசு ஒப்பாததற்குச் சரியான காரணம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கொழுந்தனார் மேல் வருத்தம் வேண்டாம். நாலு ஏக்கர் காய்ந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறவருக்கு, பக்கத்து நிலத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் ராத்திரி தூக்கம் வராது. அந்தத் தவிப்பில்தான் கேட்கிறார்.

அந்த ஊர் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தஞ்சாவூர்ப் பக்கம் போல மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்த பூமி இல்லை அது. முழுக்கக் கருங்கல். மேலே அறுபது, எழுபது அடிக்கு மக்கிப்போன பாறை இருக்கும். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வது அந்த மக்கிய பாறைதான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அங்கங்கே வெடிப்பு. போரின் வழியில் ஒரு வெடிப்பு மாட்டினால் தண்ணீர், மாட்டாவிட்டால் வெறும் கல்தூள் புகை. ஆழம் போகப் போக மேல் பாறையின் பாரத்தில் வெடிப்புகள் இறுகும், எண்ணிக்கையும் குறையும். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரும் இரண்டு மடங்கு வரும் என்ற கணக்கு அங்கே செல்லாது.

பக்கத்து நிலத்தில் வந்திருக்கிறதே என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அவருக்குக் கிடைத்த வெடிப்பு உங்கள் நிலத்துக்கு வராமல் வேறு பக்கம் போனால், நூறு அடி தள்ளிப் போட்டாலும் உங்களுக்குப் புகைதான். அதே வெடிப்பு உங்களுக்கும் மாட்டினால், ஒரே பானையில் இரண்டு பேர் குழாய் போட்டு உறிஞ்சுவது போல. அவருடையதும் இறங்கும், உங்களுடையதும் இறங்கும். அப்புறம் அவர் 1,600 அடிக்குப் போவார்.

இப்படித்தான் கோலார் மாவட்டம் இந்த நிலைமைக்கு வந்தது. வற்றாத ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து உங்கள் பேத்தமங்கலம் வழியாகத்தான் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகிறது. ஆனால் நல்ல மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் பார்க்கலாம். அதனால் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஏரி நிரம்பினால் திறந்த கிணறுகளில் ஊற்று ஏறும், மாடு பூட்டிக் கவலை கட்டி இறைத்தார்கள். பிறகு கரண்ட் வந்தது, பம்ப்செட் வந்தது, திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் வந்தன. கிணறு வற்றியது. 200 அடி போர் வந்தது, அதுவும் வற்றியது. இன்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கில் அந்த மாவட்டம் அதிநுகர்வுப் பகுதி. ஒரு வருடத்தில் மழை உள்ளே அனுப்புவதைவிட அதிகமாக மேலே எடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், கொழுந்தனாரிடமும் காட்டுங்கள். அங்கே வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,047 லிட்டர். அப்படியானால் ஒரு ஏக்கரில் வருடம் முழுக்க விழுவது சுமார் 28 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகும், பயிரும் மரமும் குடிக்கும், கொஞ்சம் ஓடிப்போகும். அந்த மாதிரிப் பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கினாலே தாராளம். தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 2.8 லட்சம் லிட்டர்.

ஒரு ஏக்கர் தக்காளிக்கு, சொட்டு நீரில் சிக்கனமாக விட்டாலும், நடவிலிருந்து கடைசிப் பறிப்பு வரை 400 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். அதாவது 16 லட்சம் லிட்டர். மழையில்லாத மாசி, பங்குனி, சித்திரையில் அத்தனையும் போரிலிருந்துதான் வரவேண்டும். ஒரு ஏக்கர் தக்காளி, கிட்டத்தட்ட ஆறு ஏக்கருக்கு வருடம் முழுக்கக் கிடைக்கிற ஊற்றைக் குடித்துவிடுகிறது. உங்களிடம் இருப்பது நாலு ஏக்கர். மீதி யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு படி போவோம். நன்றாக வளர்த்த கொடித் தக்காளி ஏக்கருக்கு 25 டன் தந்தால், 15 கிலோ பெட்டி ஒன்றுக்குப் பின்னால் சுமார் ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கிறது. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து அந்த ஆயிரம் லிட்டரை ஏற்ற ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம் ஆகும். 500 பெட்டி ஏற்றிக்கொண்டு கோலார் மண்டியிலிருந்து ஒரு லாரி புறப்பட்டால், கூடவே 5 லட்சம் லிட்டர் நிலத்தடி நீரும் புறப்படுகிறது. 6,000 லிட்டர் டேங்கர் கணக்கில் எண்பதுக்கு மேல்! அந்த மண்டி நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. பெங்களூருக்கு வருவதும், கோயம்பேட்டுக்குப் போவதும், வடக்கே போவதுமாக எத்தனை லாரி என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச்சில் பெங்களூரில் டேங்கருக்கு அடிதடி நடந்தபோது நீங்களும் தவித்திருப்பீர்கள். அரசு போட்ட 13,900 போர்களில் ஏறக்குறைய 6,900 வற்றிவிட்டன என்று அப்போது அரசே சொன்னது. குடத்தோடு நின்ற வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் நாம் குழாயிலிருந்து எடுப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுக்கிறோம். 2023 கணக்கெடுப்பின்படி இந்தியா ஒரு வருடத்தில் பூமிக்கடியிலிருந்து எடுப்பது சுமார் 24,100 கோடி கன மீட்டர். அதில் நூற்றுக்கு 87 பங்கு பாசனத்துக்கு. உங்கள் மெஸ் ரசத்திலும் என் வீட்டுச் சட்னியிலும் கோலார்ப் பாறை வெடிப்பின் தண்ணீர் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சில நாள் சாப்பாடு இறங்குவதில்லை. தக்காளி கிலோ 15 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால், அந்தத் தண்ணீருக்கு விலையே போடவில்லை என்பதும் ஒரு காரணம்.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மழை, நோய், வரத்து என்று பல காரணம் உண்டு. 2023 ஜூலையில் கோலாரில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து ஊரெல்லாம் தக்காளி நட்டார்கள், கடன் வாங்கிப் போர் போட்டவர்களும் உண்டு. வரத்து கூடியதும் விலை விழுந்தது. போருக்கு வாங்கிய கடன் மட்டும் விழவில்லை. பெரிய கடைச் சங்கிலிகள் வருடம் முழுக்க ஒரே அளவில், ஒரே நிறத்தில் சரக்கு கேட்பதும் கோடைத் தக்காளியை வளர்க்கிறது. கோடையில் வருவது பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீரில் வளர்ந்த காய். விலை ஆடும்போது மண்டிக்காரருக்குக் கமிஷன் உண்டு, லாரிக்காரருக்கு வாடகை உண்டு. போர் வற்றினால் அந்த நஷ்டத்தில் பங்குக்கு வர யாரும் இல்லை, விவசாயி ஒருவர்தான்.

இப்போது உங்கள் மெஸ் கணக்குக்கு வருவோம். தினம் 12 கிலோ என்றால் வருடத்துக்குச் சுமார் 4.4 டன். ஒரு ஏக்கர் தக்காளி நட்டால் பறிப்பு ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடும். அந்த அறுபது நாளும் சராசரியாகத் தினம் 400 கிலோ வரும். உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு. மீதியைக் கோலார் மண்டிக்கே கொண்டுபோய் அன்றைய விலைக்குத் தள்ள வேண்டும். மற்ற பத்து மாதம் நீங்கள் கலாசிப்பாளையத்தில்தான் நிற்பீர்கள். மெஸ்ஸுக்காகப் போர் என்ற யோசனை இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

மின்சாரம் இலவசம்தானே என்பார்கள். கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரையுள்ள பாசனப் பம்புக்குத்தான் இலவசம். 1,200 அடியிலிருந்து அந்த மோட்டார் மணிக்கு மூவாயிரம் லிட்டர் ஏற்றினால் பெரிய விஷயம். அதனால்தான் அந்த ஆழத்துக்குப் பலரும் பெரிய மோட்டார் இறக்குகிறார்கள். அத்தனை அடியிலிருந்து அதைப் பழுதுக்கு மேலே எடுப்பதே தனிச் செலவு. அதிநுகர்வுத் தாலுகாவாக அறிவித்த இடத்தில் புதுப் போருக்குக் கர்நாடகத்தின் 2011 நிலத்தடி நீர்ச் சட்டப்படி முன் அனுமதியும் வாங்க வேண்டும். கொழுந்தனார் அதை விசாரித்தாரா என்று கேளுங்கள்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் முல்பாகல் பக்கம் ஒரு விவசாயிக்கு நான் கருவி வைத்து இடம் குறித்துக் கொடுத்தேன். 900 அடியில் மூன்று இஞ்ச் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ரிக் வண்டிக்கு மாலை போட்டார்கள், என் கையில் இனிப்பைத் திணித்தார்கள். அவர் இரண்டு ஏக்கரை ஐந்தாக்கினார், பாங்கில் கடன் வாங்கினார். இரண்டாவது கோடையில் மோட்டார் காற்றைத்தான் தள்ளியது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொன்ன நான், எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று அவருக்குச் சொல்லவில்லை. அது என் தவறு. அதன்பிறகு இடம் பார்க்கக் கூப்பிட்டால் முதலில் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எடுக்கிறேன். அவ்வளவு ஆழத்தில் இருப்பது இந்த வருட மழை அல்ல. மெல்ல மெல்லப் பல காலமாக இறங்கிச் சேர்ந்தது. அதை எடுப்பது பாட்டி சேர்த்து வைத்த நகையை விற்றுச் சாப்பிடுகிற மாதிரி. உங்கள் தங்கவயலுக்கே வாருங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடியது ஏன்? எடுக்கிற செலவு கிடைக்கிற தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. தங்கத்துக்கே அந்தக் கதி என்றால் தக்காளிக்கு எடுக்கிற தண்ணீர் எந்த ஆழம் வரை கட்டும்?

சரி, அப்படியானால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடலாமா? வேண்டாம். உங்கள் நாலு ஏக்கரால் உங்கள் மெஸ்ஸுக்கு நிறையத் தர முடியும்.

முதலில் ஊர் ஏரியைப் பற்றி விசாரியுங்கள். பெங்களூரின் கழிவு நீரைச் சுத்திகரித்து கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிற திட்டம் 2018-இல் தொடங்கியது. திட்ட அளவு ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் அந்தத் திட்டத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் ஏரியில் நுரை வந்தது, வழக்கு நடந்தது, மக்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் நிரம்பிய ஏரிகளைச் சுற்றிப் பல ஆண்டாகக் காய்ந்து கிடந்த கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீர் ஏறியதும் உண்மை. நகரம் தட்டில் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்காவது திரும்பிப் போகிறதே என்று எனக்கு அதில் ஒரு நிம்மதி. உங்கள் ஊர் ஏரியோ அதற்கு மேலே இருக்கிற ஏரியோ அதில் இருந்தால், வற்றிய உங்கள் 450 அடிப் போரே திரும்ப உயிர் பெறலாம். பைசா செலவில்லாமல் கயிறு கட்டி நீர்மட்டம் பார்த்துவிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அது இரண்டாம் நிலை வரை சுத்திகரித்த தண்ணீர்தான். ஏரிக்கு அருகில் உள்ள கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் குடிக்கவோ, பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, வெள்ளரிக்குத் தெளிக்கவோ கூடாது. ஆழ்போர் நீரிலும் அந்த மாவட்டத்தில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. எதுவானாலும் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பண்ணைக் குட்டை, அங்கே கிருஷி ஹொண்டா என்பார்கள். 2014-இல் தொடங்கிய கிருஷி பாக்யா திட்டத்தில் மாநில அரசு இதற்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இப்போது என்ன கிடைக்கும் என்று வேளாண் துறையின் ரைத்த சம்பர்க்க கேந்திரத்தில் கேட்டால் சொல்வார்கள். மேலே 15 மீட்டர் சதுரம், 3 மீட்டர் ஆழம், சரிவான கரை வைத்து வெட்டினால் ஒருமுறை நிரம்பும்போது ஏறக்குறைய 4.4 லட்சம் லிட்டர் நிற்கும். அடியில் தார்ப்பாய் விரிக்க வேண்டும், சுற்றி வேலி கட்டாயம். வருடம் முழுக்கச் சேமித்து வைக்க நினைத்தால் வெயில் குடித்துவிடும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மழையில் நிரப்பி, தை முடிவதற்குள் பயிருக்கு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதில்தான் எனக்குப் பிடித்த கணக்கு இருக்கிறது. உங்கள் மெஸ்ஸின் ஒரு வருடத் தக்காளிக்கு, அந்த 4.4 டன்னுக்கு, வேண்டிய தண்ணீர் சுமார் 2.8 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் மழை ஒரு வருடத்தில் நிலத்தடிக்கு இறக்கிவிடுகிற அதே அளவு! நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏக்கர், உங்கள் ஊர்க் கணக்கில் எட்டு குண்டெ, போதும். மொத்தமாக நடாமல் இரண்டு குண்டெயாகப் பிரித்து, இருபது நாள் இடைவெளி விட்டு, ஆடியிலிருந்து நடுங்கள். புரட்டாசி பின்பாதியிலிருந்து தை வரை மெஸ்ஸுக்குத் தடையில்லாமல் வரும், மிஞ்சுவதைக் கொழுந்தனார் விற்றுக்கொள்ளலாம். கோடை மாதங்களுக்கு நீங்கள் கடையில்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைக்க வேண்டும். நம் பாட்டிமார் கோடையில் அப்படித்தான் குழம்பு வைத்தார்கள்.

மீதி நிலத்தில் மழையை நம்பி வளர்கிறவற்றைப் போடச் சொல்லுங்கள். கேழ்வரகு, துவரை, கொள்ளு, ஓரத்தில் அவரை. அந்த மண்ணுக்குப் பழகிய பயிர்கள் இவை. இங்கேதான் உங்கள் கையில் பெரிய பலம் இருக்கிறது, சகோதரி. கொழுந்தனார் தக்காளி நட நினைப்பதே அதற்குச் சந்தை இருக்கிறது என்பதால்தான். கேழ்வரகும் கொள்ளும் விளைவித்தால் யார் வாங்குவார்கள் என்பது அவருக்குப் பயம். வாங்க நீங்கள் இருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் களி, மார்கழியில் அவரைக்காய்க் குழம்பு, மழை நாளில் கொள்ளு ரசம் என்று எழுதிப் போடுங்கள். பெங்களூரில் அவரைக்காய்க்குக் கூட்டம் கூட்ட விளம்பரமே வேண்டாம். விதைக்கும் முன்பே இத்தனை மூட்டை, இந்த விலை என்று அவரிடம் பேசி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். மண்டி விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. ஏழு லட்சத்தைப் பாறையில் இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல். சின்னக் குட்டையும், எட்டு குண்டெக்குச் சொட்டு நீர்க் குழாயும் நகையைத் தொடாமல் முடிகிற செலவுதான். சொட்டு நீருக்கும் மானியம் உண்டு. ஆனால் குழாய் வந்ததும் மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் நடலாம் என்று ஆசை வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக அந்த இரண்டு பழைய போர்கள். வாய் மூடியிருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை, படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போரில் விழுந்த குழந்தைக்கு நேர்ந்ததை மறக்க முடியுமா? 450 அடிப் போருக்கு இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கிவிடுங்கள், பிறகு நீர்மட்டம் பார்க்கத் திறந்து மூடலாம். 780 அடியில் இனி வராது என்று உறுதியானால் களிமண், கல், மண் போட்டு அடி முதல் மேல் வரை நிரப்பிவிடச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் நகைப் பேச்சை எடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.